நடுநெஞ்சுப் பலகை

அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் ஜொகூர் பாருவில் வீட்டிலிருந்தபடியே துணி தைப்பவள். ரவிக்கை, பாஜு கூரோங், பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பேன். என் கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிவிடுவார். பகல் முழுக்க வீட்டில் நானும் தையல் இயந்திரமும்தான்.

ஒருநாள் வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. மாதிரிப் படகுச் சங்கம் ஒன்றுக்குத் தான் தலைவர் என்று சொன்னார். பழைய பாய்மரப் படகுகளை ஐந்தடி, ஆறடி நீளத்தில் அச்சு அசலாகக் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் ஓட்டுகிறவர்களாம்.

“தங்கச்சி, பாய் தைக்கணும். தையல் கொஞ்சம் இழுத்தாலும் காத்து சரியா புடிக்காது. நீங்க நேர்த்தியா தைப்பீங்கன்னு கேள்விப்பட்டேன்.”

தைத்துக் கொடுத்தேன். பாயைக் கட்டிப் பார்க்க ஏரிக்கு வரச் சொன்னார். போனேன். அங்கே ஓர் உறுப்பினர் கொண்டு வந்திருந்த மரப்படகைப் பார்த்ததும் என் வேலை எனக்கு மறந்துவிட்டது. விரல் அகலப் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வயிற்றில் அகன்று, மூக்கில் ஒடுங்கி, மேலே எழும்பி நின்றன. ரவிக்கையில் மார்புக்கு டார்ட் பிடிப்பது எனக்குத் தெரியும். தட்டையான துணியை உருண்டையாக்க எத்தனை பாடுபடுகிறோம்! மரத்தை யாரோ அப்படிச் செய்திருந்தார்கள். அதே நேரம் தலைவருடைய படகையும் பார்த்தேன். கடையில் வாங்கிய கண்ணாடியிழை உடலுக்கு மேலே வண்ணம் பூசியிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம், “நானும் ஒண்ணு கட்டப் போறேன்” என்றேன்.

“என்னத்த?”

“படகு.”

“அலமாக்,” என்று மலாயில் வியந்துவிட்டு அவர் சோற்றைப் பிசைந்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி.

கோலேக் கட்டுவது என்று முடிவு செய்தேன். இந்தக் கரையில் மீன் பிடிக்கப் போன பழைய மலாய்ப் பாய்மரப் படகு அது. ஆறடி நீளத்தில் அடிமரம் வைத்து, குறுக்குச் சட்டங்களை விலா எலும்பு மாதிரி நிறுத்தினேன். அதுவரை எல்லாம் சுலபம். பட்டையை வளைக்கத் தொடங்கியபோதுதான் வந்தது வினை. நீராவியில் மரம் இளகும் என்று படித்திருந்தேன். என் இஸ்திரிப் பெட்டிக்கு நீராவி தரும் கொதிகலனில் இருந்து குழாய் இழுத்து, நீளமான பலகைப் பெட்டி ஒன்றுக்குள் விட்டேன். பட்டைகளை அதற்குள் வைத்து, கால் மணி நேரம் கழித்து எடுத்து, கையுறையோடு படகின் மூக்குப் பக்கம் வளைத்தேன். முதல் பட்டை ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. பதினொன்று ஒடிந்தன.

சாதாரணமாக மரம் ஒடிந்தால் சிராய் சிராயாகப் பிளக்கும். இவை அப்படியில்லை. பிஸ்கட்டைப் பிட்டது போல நறுக்கென்று குறுக்கே உடைந்தன. உடைந்த துண்டுகளை ஒரு பையில் போட்டு, பலகை வாங்கிய மரக்கடைக்கே எடுத்துப் போனேன்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே துண்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மலாயில் சொன்னதன் சாரம் இதுதான். பெரிய மெராந்தி மரங்களில் நடுப்பகுதி, அதன் நெஞ்சு, மரம் நிற்கும்போதே தன் பாரத்தில் தானே நசுங்கிப் போயிருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத குறுக்கு முறிவுகள் ஓடும். அறுத்துப் பலகையாக்கினால் அழகாகத்தான் இருக்கும். அலமாரிக்கு முதுகுப் பலகையாக அடிக்கலாம், படகுக்கு ஆகாது.

“எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டேன்.

அவர் ஒரு பலகையைச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது, இழைக்குக் குறுக்கே மயிரிழை போலச் சில கோடுகள் தெரிந்தன. கசங்கிய துணியை மடித்து வைத்த சுருக்கம் மாதிரி. அப்புறம் அதையும், அதே அளவில் வெளிப்பக்கத்துப் பலகை ஒன்றையும் என் இரண்டு கைகளில் கொடுத்தார். நெஞ்சுப் பலகை எடை குறைவாக இருந்தது. ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்கவே முடியாது.

அதன் பிறகு நான் எடுத்தவை நன்றாக வளைந்தன. இழை நுனிவரை நேராக ஓடுகிறதா என்று பார்ப்பேன். துணியில் நேர் இழை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய விஷயமில்லை. சூளையில் காய வைத்த பலகையை ஒதுக்குவேன். அது மொறுமொறுவென்று இருக்கும். காற்றில் ஆறிய பலகையில் கொஞ்சம் ஈரம் நிற்கும், நீராவிக்கு அது இணங்கும். பெட்டியிலிருந்து எடுத்த பிறகு முப்பது எண்ணுவதற்குள் வளைத்து கிளாம்ப் போட்டுவிட வேண்டும். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக வளைக்க வேண்டும், ஆறும்போது சற்றே திரும்பி வரும். இவ்வளவுதான் வித்தை. ஆனால் இந்த இவ்வளவுக்கு எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பின்கட்டுச் சமையலறையில், தையலுக்கு நடுவில், தனியாகச் செய்தேன்.

தலைவர் அந்த இரண்டு வருஷத்தில் இரண்டு முறை வந்தார். பாய் விஷயமாக வந்தவர், நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்தபடி நான் பட்டை வளைப்பதைப் பார்த்தார். “பரவாயில்லையே தங்கச்சி!” என்றார்.

படகு முடிந்ததும் அவர்தான் முதலில் கேட்டார். ஒரு பேரங்காடியில் கண்காட்சி நடக்கிறது, சங்கத்தின் சார்பாக வைக்கலாம் என்றார். எனக்குச் சந்தோஷம். கணவரும் அவரும் சேர்ந்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திறப்பு விழாவுக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

படகின் கீழ்ப்பகுதியில் பித்தளைத் தகடு ஒன்று திருகியிருந்தது. ‘வடிவமைத்துக் கட்டியவர்’ என்று போட்டு அவர் பெயர்.

தவறு நடந்துவிட்டது, அவரே சொல்லித் திருத்துவார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிறப்பு விருந்தினர் வந்து படகை வியந்தபோது, தலைவர் மைக்கை வாங்கினார். மரம் தேடி அலைந்ததையும், பட்டை பட்டையாக நீராவியில் வளைத்ததையும் சொன்னார். என் சமையலறையில் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியாக என் பக்கம் கையை நீட்டினார்.

“பாயை மட்டும் இந்தத் தங்கச்சி தைச்சாங்க. ரொம்ப நேர்த்தியா தைப்பாங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். நான் சிரித்தேன், கும்பிட்டேன். அவர் செய்ததைவிட நான் அப்போது சிரித்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. அன்று முதல் என் வாயில் ஒரு கசப்பு வந்தது. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதும், சோறு வடிக்கும்போதும் அந்தக் கைதட்டல் கேட்கும்.

கண்காட்சி முடிந்ததும் படகைக் கேட்டேன். இன்னொரு கண்காட்சி இருக்கிறது என்றார். அப்புறம் தன் வீட்டுக் கூடத்தில் பத்திரமாக இருக்கிறது என்றார். பத்து மாதம் ஓடியது.

“அண்ணே, அது நான் கட்டினது,” என்று ஒருநாள் தொலைபேசியில் நேராகவே சொன்னேன்.

“யாரு இல்லேன்னாங்க, தங்கச்சி? சங்கத்துப் பேருலதான இருக்கு. உங்களது எங்களதுன்னு பிரிச்சுப் பேசலாமா?”

கணவர் கோபப்பட்டார். “போட்டோ இருக்கில்ல, நெட்டுல போட்டு அவரு மானத்தக் கிழிச்சிரு.” என்னிடம் இருந்த படங்களில் பலகை இருந்தது, கிளாம்ப் இருந்தது, ஒன்றிரண்டில் என் வளையல் கை இருந்தது. என் முகம் எதிலும் இல்லை, எடுத்தவளே நான்தானே. போட்டால், பாய் தைத்தவளுக்குப் பொறாமை என்பார்கள். எனக்கு அது போதாது. அவர் கையாலேயே அவர் பொய் உடைய வேண்டும். நாலு பேர் பார்க்க வேண்டும். அப்படித்தான் நான் ஆசைப்பட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

வாய்ப்பை அவராகவே கொண்டு வந்து கொடுத்தார். பொந்தியானில் கடலோரமாக ஒரு விழா ஏற்பாடாகியிருந்தது. கோலேக்கைக் காட்சிக்கு வைத்து, பட்டை வளைப்பதை மேடையில் நேரடியாகச் செய்து காட்டும்படி அவரை அழைத்திருந்தார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் அந்தத் தகடு என்ன ஆவது?

மறுபடி அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“தங்கச்சி, உங்க ஆவிப் பெட்டிய ஒரு நாளைக்குக் குடுங்க. அப்படியே நல்ல பலகையா பாத்து ஒரு அஞ்சு பட்டை அறுத்துக் குடுத்தீங்கன்னா பெரிய உதவி. எனக்கு இந்த மரக்கடை அலைச்சல் ஒத்துக்கல.”

“அதுக்கென்ன அண்ணே, தர்றேன்,” என்றேன். தேத்தண்ணியில் சர்க்கரை கூடுதலாகவே போட்டேன்.

மறுநாள் மரக்கடைக்குப் போனேன். நல்ல பலகை எடுக்க எனக்கு அரை மணி நேரம் போதும். அன்று ஒரு காலைப்பொழுது முழுக்க அங்கே இருந்தேன். நெஞ்சுப் பலகைகளிலேயே மிக அழகானவையாகத் தேடினேன். இளஞ்சிவப்பாக, மழமழவென்று, ஒரு முடிச்சுகூட இல்லாமல், இழை கோடு போட்டது போல நேராக ஓட வேண்டும். அந்தக் குறுக்கு மயிரிழைகள் மட்டும் இருக்க வேண்டும். தேடத் தெரிந்த கண்ணுக்குத்தான் அவை தெரிய வேண்டும். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது என் உடம்பெல்லாம் ஓர் உற்சாகம். மணப்பெண் ரவிக்கைக்குத் துணி எடுக்கிற மாதிரி எடுத்தேன்.

தவுக்கே குழம்பிப் போனார். “இது ரொசாக், கெட்டுப்போன பலகை அம்மா. உனக்குத்தான் தெரியுமே?”

“தெரியும். இதுதான் வேணும்.”

நான்கு பட்டைகள் அப்படி. ஐந்தாவதை மரத்தின் வெளிப்பக்கத்திலிருந்து எடுத்தேன். கனமான, உறுதியான, சத்தியமான பட்டை. ஆனால் ஒரு நுனியில் பழுப்பாக நீர்க்கறை படிந்திருந்தது. ஏன் அதைச் சேர்த்தேன் என்று பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். அவருக்கு ஒரு வழி விட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. நல்லது கையிலேயே இருந்தும் அவருக்குத் தெரியாமல் போக வேண்டும் என்றுதான் சேர்த்தேன்.

ஐந்தையும் அவரிடம் கொடுத்தபோது, “நல்லா தொட்டுப் பாத்து எடுத்துக்குங்க அண்ணே,” என்றேன். எத்தனை நிமிடம் ஆவியில் வைப்பது, எத்தனை எண்ணுவதற்குள் வளைப்பது என்று எல்லாவற்றையும் சரியாகவே சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை.

பொந்தியானுக்குக் கணவரும் வந்தார். சாப்பாட்டுக் கடைகளுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். மேடையில் என் கோலேக் நின்றது. அதற்குப் பக்கத்தில் விலாச் சட்டங்கள் அடித்த அரைப்படகு வடிவம் ஒன்று, என் ஆவிப் பெட்டி, ஒரு மேசையில் ஐந்து பட்டைகள். பத்து மாதத்துக்கும் மேலான பிறகு என் படகைப் பார்த்தேன். அதன்மேல் கண்ணாடி போல மினுங்கும் வார்னிஷ் பூசி வைத்திருந்தார். நான் எண்ணெய் தேய்த்து மட்டும் விட்டிருந்த மரம். எனக்கிருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அதோடு போயிற்று.

அவர் பட்டைகளைக் கூட்டத்துக்குக் காட்டினார். கறை படிந்ததை எடுத்து, “இது நமக்கு வேணாம்,” என்று ஒதுக்கி வைத்தார். என் கணவர் ஏதோ கேட்டார், எனக்குக் காதில் விழவில்லை.

முதல் பட்டை ஆவியிலிருந்து வந்தது. சட்டங்களில் வைத்து வளைத்தார். நறுக்.

“சில நேரம் இப்படி ஆகும்,” என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

இரண்டாவதை நிதானமாக வளைத்தார். பாதி வந்தது, மூக்குப் பக்கம் திரும்பியபோது நறுக். இந்த முறை சிரித்தவர்கள் குறைவு. மூன்றாவதைக் கூடுதல் நேரம் ஆவியில் விட்டார். எடுத்து வைத்ததும் உடைந்து, ஒரு துண்டு மேடையிலிருந்து முன்வரிசையில் போய் விழுந்தது. அவர் நெற்றியில் வியர்வை இறங்கியது. கையில் மிச்சத் துண்டோடு கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார்.

“பலகை சரியில்ல. பலகை எடுத்துக் குடுத்தது அந்தத் தங்கச்சிதான்,” என்று மைக்கில் சொன்னார்.

பாய் தவிர மரத்திலும் எனக்குப் பங்குண்டு என்று அவர் ஊரறியச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்து நடந்ததை நான் திட்டமிடவில்லை. முன்வரிசையில் தொப்பி வைத்த ஒரு மலாய்க்காரர் உட்கார்ந்திருந்தார். தன் காலடியில் விழுந்த துண்டை எடுத்து, உடைந்த வாயைக் கட்டைவிரலால் தடவினார். அந்தப் பக்கத்துப் படகுப் பட்டறையில் வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. எழுந்து நின்று மலாயில் கேட்டார்:

“இது மரத்தின் நடுநெஞ்சு. படகு கட்டுகிறவன் கையில் எடுத்ததுமே தூக்கி எறிந்திருப்பான். நீங்கள்தானே அந்தக் கோலேக்கைக் கட்டினீர்கள்?”

தலைவர் கையிலிருந்த துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நான் அதை முழுசாக அனுபவித்தேன்.

பிறகு மேடை ஏறினேன். ஒதுக்கி வைத்த கறைப் பட்டையை எடுத்து ஆவிப் பெட்டியில் வைத்தேன். அந்தக் கால் மணி நேரமும் யாரும் கலைந்து போகவில்லை. தலைவர் ஓரமாக நின்றார். இறங்கிப் போகவும் அவருக்கு வழியில்லை, படிக்கட்டு என் பக்கம் இருந்தது. கையுறை மாட்டி, பட்டையை எடுத்து, அரைப்படகின் வயிற்றில் பதித்து, மூக்கை நோக்கித் திருகி வளைத்தேன். முனகாமல் வந்து உட்கார்ந்தது. கிளாம்ப் போட்டேன்.

அந்த மலாய்க்காரர் என்னைப் பார்த்து மறுபடி கேட்டார். “அந்தப் படகைக் கட்டினது யார்?”

“நான்,” என்றேன்.

மைக் தேவைப்படவில்லை.

தலைவர் அப்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று அவருக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்லி என்னைக் குற்றம் சாட்ட வேண்டுமென்றால், நல்ல பட்டையும் அந்த மேசையிலேயே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திரும்பி வரும்போது வேனை ஓட்டிக்கொண்டே கணவர் கேட்டார்.

“தெரிஞ்சேதான் குடுத்தியா?”

“ஆமா.”

“பாவம்லா. அந்த ஆளு முகத்தப் பாத்தியா?”

“பாத்தேன். அதுக்குத்தான போனேன்.”

அன்றிரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது, அதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு காலை முழுக்க ஒன்றை உடைப்பதற்காகச் செலவழித்தேன். அப்படிச் செலவழித்தபோது நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. ஆனால் அவருக்காக வருத்தப்பட்டேனா என்றால், இல்லை.

ஒரு வாரத்தில் படகு வந்து சேர்ந்தது. அவர் வரவில்லை, சங்கத்து ஆட்கள் இருவர் தூக்கி வந்து வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். தகடு இல்லை, இரண்டு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. சங்கத்தில் பாதிப்பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பாய் தைக்கச் சொல்லி யாரும் வருவதில்லை. மீதிப்பேர் இப்போது பட்டை வளைக்கக் கற்றுக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் என் பின்கட்டுக்கு வருகிறார்கள்.

அவர் பூசிய வார்னிஷைச் சுரண்டி எடுக்க மூன்று வாரம் ஆனது. ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இழை போகும் திசையிலேயே, மெல்லிய சுருள் சுருளாகச் சுரண்டினேன். கை வலித்தது. ஆனால் ஒவ்வொரு சுருளும் கீழே விழும்போது எனக்கு இதமாக இருந்தது. வேலையை அவசரப்படுத்தவே இல்லை.

போன மாதம் கைப்பேசியில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வணக்கமில்லை, விசாரிப்பில்லை.

“அஞ்சுல அந்தக் கறைப் பலகைதான் நல்லதுன்னு எப்படித் தெரியும்? பாத்தா ஒண்ணுமே தெரியலையே. சொல்லுங்க தங்கச்சி.”

மன்னிப்பு என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை. அவருக்கு அந்த ரகசியம்தான் வேண்டியிருந்தது. ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கையில் நிறுத்துப் பாருங்கள். என் மேசையில் அப்போது ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசியைத் திருப்பி வைத்துவிட்டு வெட்டி முடித்தேன்.

நான் படித்துவிட்டேன் என்பதற்கான இரண்டு நீலக் குறிகள் அவருக்குத் தெரிந்திருக்கும். தெரியட்டும். அவர் இன்னும் அவ்வப்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நானும் தவறாமல் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.